முதன்முறையாக

மைக் இல்லாமல் அவர் பேசினால் எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கே கேட்காது. பாகூர் கடைத்தெருவில் டீ சொல்ல வாயைத் திறப்பார். கடைக்காரர் திரும்ப மாட்டார். மறுபடி திறப்பார். கடைசியில் யாரோ குடித்து வைத்த கிளாஸை எடுத்து, அதற்குள் வாயை வைத்து, "ஒரு டீ" என்பார். கிளாஸுக்குள் போன குரல் கொஞ்சம் பெருத்து வெளியே வரும். கடைக்காரர் அப்போதுதான் பார்ப்பார்.

"இன்னா அலவுன்சு, கிளாஸுகிட்ட பேசிகினு இருக்க?"

அனவுன்ஸ்மெண்ட் என்பது எங்கள் பக்கத்து வாய்களில் அலவுன்சு ஆகிவிட்டது. அவருடைய தொழிலுக்கும் அதுதான் பெயர், அவருக்கும் அதுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

அதே மனிதர் ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தால் வேறு ஆள். மைக்கில் எப்போதும் ஒரு கைக்குட்டை சுற்றியிருக்கும். பேசுவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சை நீளமாக இழுப்பார். கூரையில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் முதலில் அந்த மூச்சுதான் வரும். அதைக் கேட்டதுமே கடைத்தெரு பாதி நின்றுவிடும். தராசைப் பிடித்த கை அப்படியே நிற்கும். பிறகு அந்தக் குரல் வரும். மாட்டுச் சந்தை, கண் ஆஸ்பத்திரி முகாம், துணிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன எருமை, சாவு, எல்லாம் அவர்தான். எல்லாவற்றிலும் ஒரு சொல் இருக்கும். "முதன்முறையாக."

"பாகூர் மண்ணில், முதன்முறையாக." "வில்லியனூர் வரலாற்றில், முதன்முறையாக." வருஷா வருஷம் வருகிற கண் முகாம் வருஷா வருஷமும் முதன்முறையாகத்தான் வரும்.

ஒருதடவை சாவு அலவுன்சிலும் அந்தச் சொல் விழுந்துவிட்டது. வில்லியனூரில் ஒரு மளிகைக்கடைக்காரரின் அம்மா. "இன்று காலை, முதன்முறையாக, இயற்கை எய்தினார்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறார். இறந்தவளின் மகன் சைக்கிளில் துரத்தி வந்து ஆட்டோவை மறித்தான்.

"யோவ், இன்னாய்யா சொல்லிகினு போற எங்கம்மாவ?"

இவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

"இன்னா சொல்ற?"

கை பழக்கத்தில் மைக்கைத் தூக்கிவிட்டது. தெரு முழுக்கக் கேட்டது: "யார்தாங்க ரெண்டாவது தடவ சாவறாங்க?"

அறை ஒன்று விழுந்தது. மைக் திறந்தே இருந்ததால் அதுவும் தெரு முழுக்கக் கேட்டது. ஆனால் அந்த அம்மாவின் பிணம் எடுப்புக்கு வந்ததுபோல வேறு எந்தச் சாவுக்கும் அந்தத் தெருவில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அவருக்கு எதையும் அதனதன் அளவில் சொல்ல வராது. பொய் சொல்கிறவர் இல்லை. பெரிதாகத்தான் அவருக்குத் தெரியும். சாவு வீட்டுக்குப் போனால் ஒரு ஓரமாக உட்கார்ந்து, "அவரு இன்னா பண்ணிகினு இருந்தாரு?" என்று விசாரிப்பார். "இன்னா பண்ணாரு, கழனிக்குப் போவாரு, வருவாரு" என்பார்கள். அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வரும்: "மழையென்றும் வெயிலென்றும் பாராமல், தன் மண்ணை ஒருநாளும் தனியே விட்டறியாத…" ஒரு கிழவி அழுகையை நிறுத்திவிட்டு, "இந்த ஆளயா நான் கட்டிகினு இருந்தேன்?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

பாகூர் பக்கம் டென்ட் கொட்டகை இருந்த காலத்து விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே படப் பெட்டியை இரண்டு கொட்டகைகளில் பங்கு போட்டு ஓட்டுவார்கள். இங்கே ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் அங்கே கொண்டு போவார்கள். ஒருநாள் மாலைக் காட்சியில் மூன்றாவது சுருள் வரவில்லை. சைக்கிள்காரன் ஏதோ ஓடையில் விழுந்துவிட்டான். கூட்டம் பெஞ்சை உடைக்க ஆரம்பித்தது. கொட்டகைக்காரர் இவரை மைக் முன்னால் தள்ளிவிட்டார். இவர் மூச்சை இழுத்துவிட்டு அந்தச் சுருளில் வரப்போகும் கதையை வாயாலேயே சொன்னார். வெள்ளைத் துணியில் ஒன்றுமில்லை. கூட்டம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு கேட்டது.

மறுநாள் சுருள் வந்துவிட்டது. முதல்நாள் கேட்டவர்களில் பாதிப்பேர் மறுபடி வந்திருந்தார்கள். படம் முடிந்ததும் சண்டை.

"குதுர எங்கடா? ஆத்துல குதிச்சுதே ஒரு குதுர, அது எங்க?"

படத்தில் குதிரையும் கிடையாது, ஆறும் கிடையாது. கொட்டகைக்காரர் அன்றோடு அவரை நிறுத்திவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் அவரேதான், சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். இதே கதை எங்கள் நான்கு பேருக்கும் நடக்கப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

நான் எதிலும் நிலைத்து நின்றவன் இல்லை. எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். கரும்பு லாரியில் கிளீனர், மரக்காணத்து உப்பளம், நெய்வேலியில் மண் வேலை என்று சுற்றி, நெட்டப்பாக்கத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்குப் பெட்டி தூக்கப் போனேன். அங்கே பேஸ் கிடார் வாசித்தவன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். பேஸ் கிடாரில் நாலு கம்பிதான். நான் எடுத்துக்கொண்டேன். கட்டைவிரலால் தட்டினால் சோறு வந்தது.

சுற்றுவட்டாரத்தில் மூன்று ஆர்கெஸ்ட்ராக்கள் இருந்தன. எங்களுடையது, வில்லியனூரில் ஒன்று, பாகூரில் ஒன்று. எல்லாம் சினிமாப் பாட்டுதான். மூன்றுக்கும் மேடையில் பேசுகிறவர் அவர் ஒருவரே. மூன்றையும் "இந்தியாவின் தலைசிறந்த" என்றுதான் சொல்வார்.

ஒரு மாசி மகம். பனித்திட்டுக் கடற்கரையில் தீர்த்தவாரி. ஊருக்குள் மூன்று கட்சி. ஆளுக்கொரு ஆர்கெஸ்ட்ராவைப் பேசிவிட்டார்கள். பட்டப்பகலில் மணலில் மூன்று மேடை. அலை ஏறி வந்து இரண்டு ஜெனரேட்டர்களை நனைத்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்று யாருக்கு என்று முதலாளிகள் மூன்று பேரும் பஞ்சாயத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஒரு ஜெனரேட்டர் இருந்த மேடையில்தான் நிழலும் இருந்தது. வில்லியனூர்க் குழுவின் கிடார்காரன் அந்துவான் அங்கே வந்து, கரண்டு வருகிறதா என்று பார்க்கக் கிடாரைச் சொருகினான். மாதா கோயில் பாடகர் குழுவில் பழகியவன். பாகூர்க் குழுவின் டிரம்ஸ்காரன் கலியன் வெயிலுக்கு ஒதுங்கி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். அவன் அப்பா சாவுக்கு மேளம் அடித்தவர். பாகூர்க் குழுவில் பாடுகிற மல்லிகா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் வந்து, "மைக்கு வேல செய்யுதா?" என்று கேட்டுவிட்டு, சோதனைக்கு ஒரு ராகத்தை முனகினாள். நானும் அங்கேதான் இருந்தேன். தட்டினேன்.

எந்தச் சினிமாப் பாட்டும் இல்லை. வார்த்தையும் இல்லை. அவள் முனகியதைப் பிடித்துக்கொண்டு அந்துவான் போனான். கலியன் சாவு அடியை மெதுவாக அடித்தான். கொஞ்ச நேரம்தான். வலைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். நான் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். என் கை சரியான இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மேடை ஓரத்தில் அவர் நின்றிருந்தார். கையில் மைக் இருந்தது. அது திறந்தும் இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரமே எங்கள் நான்கு பேரையும் பாகூர் டீக்கடைக்கு வரவழைத்தார். நான்கு பேரும் தலையை நீட்டிக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டோம். மூன்று குழுவையும் விட்டுவிட்டு நான்கு பேரும் ஒன்றாக வர வேண்டும். குழுவின் பெயர் நாலு திசை. சொந்த மெட்டு, சொந்தப் பாட்டு. கச்சேரி பிறகு, முதலில் ஒரு கேசட். இது வரைக்கும் இந்தப் பக்கத்தில் யாரும் செய்ததில்லை.

அந்துவானுக்குக் கண் மின்னியது. கலியன், "எங்க மொதலாளி என்னிய அடிக்க வருவாரு. வரட்டும்" என்றான். மல்லிகாதான் தயங்கினாள். அவள் வீட்டுக்காரன் வேறொருத்தியோடு கடலூர்ப் பக்கம் போய்விட்டான். சோரியாங்குப்பத்தில் ஒரு வீடு, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். கச்சேரிக்குக் கச்சேரி கையில் வருகிற காசில்தான் அடுப்பு எரிந்தது.

"நான் வுட்டுட்டு வந்தா அவரு திரும்ப சேத்துக்க மாட்டாருண்ணே."

"கேசட்டு வந்துட்டா நீ யாருகிட்டயும் திரும்பிப் போகத் தேவையில்ல."

"நல்லா வருமாண்ணே? அத மட்டும் சொல்லு. எனக்குப் பொண்ணு இருக்கு."

அவர் கிளாஸை எடுத்தார். அதற்குள் சொன்னார். "முதன்முறையாக."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு ஒப்புக்கொண்டாள். பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்தான் இருந்தது, நல்லா வருமா.

செலவுக்கு அவர் தன் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு குழாய்களையும் ஒரு சேட்டுக் கடையில் அடகு வைத்தார். பிறகு வேறொருவரிடம் வாடகைக்குக் குழாய் எடுத்துத் தொழில் செய்தார். முதலாளிகளுக்கு விஷயம் தெரிந்ததும் மூன்று பேரும் முதல்தடவையாக ஒற்றுமையானார்கள். பாகூர் முதலாளி மல்லிகாவின் வீட்டு வாசலில் நின்று, "நாலு திசைக்குப் போனவங்க நாலு திசைக்கும் போங்க. என் வாசப்படிய மட்டும் மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீசன் இல்லாத நாளில் மூடிக் கிடந்த ஒரு மல்லாட்டை மில்லில் நாங்கள் பழகினோம். வேர்க்கடலைத் தோலும் தூசியும் மூக்கில் ஏறும். நாங்கள் ஒரு பாட்டைக்கூட முடிக்கவில்லை, அதற்குள் அவர் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எருமை காணாமல் போன அலவுன்சுக்குக் கடைசியில், கண் முகாமுக்குக் கடைசியில், சாவுக்குக் கடைசியில்கூட. "விரைவில்… முதன்முறையாக… மின்னலை விரலில் கட்டிய அந்துவான். கடலையே மத்தளமாக்கிய கலியன். குயில்கள் வந்து பாடம் கேட்கும் மல்லிகா." எனக்கும் ஒன்று இருந்தது. பூமிக்கடியிலிருந்து பேசும் இடி.

வில்லியனூர்த் தேரடியில் ஒரு துணிக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "நீதானே இடி? எப்பப்பா வருது?" என்று கேட்டார். கூச்சமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. அன்று மில்லுக்குப் போனதும் என் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கேடு அங்கேதான் ஆரம்பித்தது. மின்னல் என்று பெயர் வாங்கியவன் மெதுவாக வாசிப்பானா? அந்துவான் ஓட ஆரம்பித்தான். அவனுக்கு மேலே கலியன் அடித்தான். இரண்டுக்கும் மேலே கேட்க மல்லிகா கத்தினாள். சங்கதி மேல் சங்கதியாகப் போட்டாள். இடைவெளி வந்தால் நாலு பேரும் அதில் ஒரே நேரத்தில் விழுந்தோம்.

"இன்னாடி மல்லிகா, ஒரு வரிக்கு நாலு வளைவு?" என்று கலியன் கேட்டான்.

"ம்… குயிலு பாடம் கேக்க வருதாமே. சும்மா அனுப்ப முடியுமா?" என்றவள், தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள், "அலவுன்சு சொல்ற மாதிரி பாடணும்னா நான் ரெண்டு பேரா பொறந்திருக்கணும்டா."

அவர் சாயங்காலங்களில் மில்லுக்கு வந்து ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து கேட்பார். பனித்திட்டில் கேட்டதற்காகக் காத்திருக்கிறார் என்று அந்த முகத்திலேயே தெரியும். அவர் உட்கார்ந்திருந்தால் அது வராது. ஒருநாள் அவர் நெட்டப்பாக்கம் பக்கம் அலவுன்சுக்குப் போயிருந்தபோது, யாருக்கும் காட்ட வேண்டியதில்லாமல், மல்லிகா பெண்ணுக்குச் சடை பின்னிக்கொண்டே அந்தப் பழைய ராகத்தை முனகினாள். நாங்கள் சும்மா கூடப் போனோம். அது வந்துவிட்டது. அதையே முதல் பாட்டாக வைத்தோம்.

புதுச்சேரி டவுனில் ஒரு மாடியறை. சுவரெல்லாம் முட்டை அட்டையும் சாக்கும். ஒரே நாளில் எட்டுப் பாட்டையும் பதிந்தோம். முதல் பாட்டைப் பதியும்போது அவர் கீழே தெருவில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று. கடைசியில் கேசட்டில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. ஆரம்பத்தில் ஒரு அறிமுகம் பேசுகிறேன் என்றார். கைக்குட்டையை மைக்கில் சுற்றினார். மூச்சை இழுத்தார்.

அவர் பேசி முடிக்கும் வரை யாரும் அசையவில்லை. மூன்று நிமிஷம் இருக்கும். எங்கள் நான்கு பேரைப் பற்றியும், நாங்கள் பிறந்த மண்ணைப் பற்றியும், இதுவரை யாரும் கேட்காத ஒரு சத்தத்தைப் பற்றியும் பேசினார். கலியனின் அப்பா சாவு வீடுகளில் அடித்த மேளம் மகன் கைக்கு வந்த கதையைச் சொன்னபோது கலியன் திரும்பிக்கொண்டான். பதிவு செய்கிற பையன் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, "அண்ணே, பேச்சு சூப்பர்ணே" என்றான். பாட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. மல்லிகா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

இன்றைக்கு யோசித்தால் அந்தக் கேசட் மோசமில்லை. எட்டில் இரண்டு மோசம், ஐந்து சுமார், முதலாவது நல்ல பாட்டு. புதிதாகச் சேர்ந்த நாலு பேர் முதலில் செய்தது என்று கேட்டால் யாரும் பாராட்டுவார்கள். ஆனால் அப்படி யாரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கேட்டார்கள்.

பாகூர்ச் சந்தை நாளில் வெளியீடு. ஆட்டோ நின்றது. கூட்டம் நெருக்கியது. கரும்பு வெட்டுகிறவர்கள், காய்கறிக்காரிகள், டவுனிலிருந்து வந்த காலேஜ் பையன்கள். சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவன் மாட்டையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். கேசட் சுழன்றது. மூச்சு. பேச்சு. நான் சத்தியமாகச் சொல்கிறேன், மாடுகூட அசையவில்லை.

பிறகு முதல் பாட்டு. வார்த்தையில்லாத முனகலில் ஆரம்பிக்கிற பாட்டு.

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். இனிமேல்தான் வரும் என்று நினைத்தார்கள். ஒருவன், "இன்னாடா, பல்லு வலியா அந்தம்மாவுக்கு?" என்று கேட்டான். சிரிப்பு. இரண்டாவது பாட்டில் மின்னலும் கடலும் இடியும் ஒன்றாக விழுந்தபோது ஓரத்திலிருந்து நகர ஆரம்பித்தார்கள். மல்லிகா ஆட்டோ பக்கத்தில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போகிறவர்களின் முதுகை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மாட்டுக்காரன் மட்டும் நின்றான்.

"மொதல்ல பேசினாரே, அவரு பாடலியா?"

"அவரு பேசறவருப்பா. பாடல" என்றேன்.

"அப்ப அதயே இன்னொரு வாட்டி போடு."

அதுதான் நடந்தது. கேசட் ஓரளவு விற்றது. டீக்கடைகளில், சலூன்களில் போட்டார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு விரல் வந்து பொத்தானை அமுக்கும், பின்னால் ஓட்டும், மறுபடி மூச்சு, மறுபடி பேச்சு. ஓட்டி ஓட்டி நாடாவின் முன்பகுதி தேய்ந்து குரல் கரகரத்தது. எங்கள் பகுதி புத்தம்புதிதாக இருந்தது.

சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. ஒரு திருவிழாவுக்கும் எங்களைக் கூப்பிடவில்லை. "அந்தாளு மட்டும் வருவாரா? பேசிட்டுப் போவட்டும்" என்று ஒரு ஊரில் கேட்டார்கள். அந்துவான் சொந்தக்காரர் ஒருவரோடு பம்பாய்க்குப் போனான். கலியன் மறுபடி சாவு மேளத்துக்குப் போனான். டிரம்ஸ் வாசித்த கை என்று கேலி செய்தார்களாம். மல்லிகா பாகூர் முதலாளி வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தாள். பிறகு ஒருநாள் என்னிடம், "பீஸ் கட்டலன்னு பொண்ண வூட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள். நான் அப்போது செங்கல் லாரியில் ஓடிக்கொண்டிருந்தேன். என்னிடமும் ஒன்றுமில்லை.

அவர் விடவில்லை. "மக்களின் பேராதரவோடு, விரைவில், இரண்டாவது" என்று சொல்ல ஆரம்பித்தார். எந்த ஆதரவு, எந்த மக்கள்? அந்துவான் ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அப்போதும் மின்னலை விரலில் கட்டியவனைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கவே பயமாக இருந்தது.

ஒருநாள் அந்த ஆட்டோ சோரியாங்குப்பம் தெருவுக்குள் போனபோது மல்லிகா நடுத்தெருவில் வந்து நின்றாள். லாரி ஓடாத நாள் அது, நானும் அவருடன் ஆட்டோவில் இருந்தேன். அவர் மைக்கை அணைத்தார்.

அவள் திட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"ண்ணே, நீ எங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லாம வுட்டிருந்தா, நாங்க நல்லாத்தாண்ணே பாடியிருக்கோம்."

அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தும். அவள் வழி விட்டாள். அன்று அலவுன்சு பண்ண வேண்டியது ஒரு சாவு. பண்ணாமலே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்த்தது வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில். மடியில் யாரோ கொடுத்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர். காலடியில் ஒரு மஞ்சப்பை நிறைய எங்கள் கேசட். சோற்றுப் பருக்கையைத் தடவி, கேசட்டின் முதுகில் இருக்கிற சின்ன ஓட்டைகளில் காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தார். ஓட்டையை அடைத்தால்தான் பதிவுப் பொத்தான் இறங்கும்.

"இன்னாண்ணே பண்ற?"

கிட்டே குனிந்தேன். "என்னிய அழிக்கிறேன்" என்றார்.

கடை கடையாகப் போய்க் கேசட்டுகளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். முன்னாலிருக்கும் பேச்சை மட்டும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி. சிலர் கொடுத்தார்கள். சிலர், "பேச்சு இல்லாட்டி அந்தக் கேசட்டு எதுக்குய்யா?" என்று விரட்டிவிட்டார்கள்.

"அந்தப் பெட்டியிலயே மைக்கு இருக்குண்ணே. வெளிச் சத்தமெல்லாம் ஏறும்."

"ஏறட்டும். நான் பேசாம இருந்தா போதும்."

இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடா சுழன்றது. காக்கை கத்தியது. கடலூர் பஸ் ஹாரன் அடித்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் மூழ்கி மூச்சடக்குகிறவன் மாதிரி இருந்தார். மூன்று நிமிஷம் மைக் முன்னால் வாய் மூடி உட்காருவது அவருக்கு எவ்வளவு பெரிய வேலை என்று கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரிந்தது. முடிகிற நேரத்தில் அடக்கி வைத்த மூச்சை இழுத்துவிட்டுப் பொத்தானை விட்டார். அடுத்த கேசட்டை எடுத்தார்.

அதில் ஒன்றையும் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மல்லிகா வீட்டுக்குப் போனோம். அவள் வாசலில் விறகை ஒடித்துக்கொண்டிருந்தாள். பெண் வந்து பொத்தானை அமுக்கினாள். இரைச்சல் மட்டும் வந்தது.

"இன்னாண்ணே, ஒண்ணும் கேக்கல?"

"இரு. வரும்."

காத்திருந்தோம். பிறகு அவள் குரல் வந்தது. அவள் விறகைக் கீழே வைத்தாள். முன்னால் எந்தச் சொல்லும் இல்லாமல் தன் பாட்டை அவள் அப்போதுதான் கேட்கிறாள். முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தாண்ணே இருக்கு?" அவள் அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நான் பயந்தேன். அவர் மூச்சை இழுத்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். வேறெதுவும் சேர்க்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி விறகை எடுத்தாள். மறுவாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். எந்தச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஓடிய லாரி நின்ற சூளைகளிலெல்லாம் கேட்டேன். பேச்சு அழிந்த கேசட்டுகளையும் யாரும் போட்டுக் கேட்கவில்லை. போடுவார்கள், ஒன்றும் வராது, கெட்டுப்போன கேசட் என்று எடுத்து வீசுவார்கள். மூன்று நிமிஷம் பொறுக்கிற ஆள் எந்த டீக்கடையில் இருக்கிறான்?

அவர் அதன்பிறகு மைக் பிடிக்கவில்லை. அதே மல்லாட்டை மில்லில் காவலுக்கு இருந்தார். நான் ஆந்திரப் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தபோது போய்விட்டார். கலியன் சொன்னான். "யாரோ ஒரு பையன் ஆட்டோல பேரு, ஊரு, எடுக்கிற நேரம் மட்டும் சொல்லிட்டுப் போயிட்டான். பேரு சொன்னா யாருன்னு யாருக்குத் தெரியும்? பத்துப் பேருகூட வரல. நான் அடிச்சேன்."

சில வருஷம் கழித்து, மதகடிப்பட்டில் லாரி டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். டீக்கடைப் பையன் கேசட் டப்பாவைக் கிளறி எதையோ எடுத்துப் போட்டான். இரைச்சல். எடுக்கப் போனான்.

"மக்கர் கேசட்டுபா. ஒண்ணும் இல்ல இதுல."

"இருக்கட்டும், வுடு" என்றேன்.

காக்கை கத்தியது. கடலூர் பஸ் ஹாரன் அடித்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பையன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். அப்புறம், கடைசியில், ஒரு மூச்சை மூக்கால் நீளமாக இழுக்கும் சத்தம். கடைத்தெருவைப் பாதி நிறுத்துகிற அதே மூச்சு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பழக்கத்தில் தலை நிமிர்ந்தார்.

நானும் காத்திருந்தேன்.

மல்லிகா பாட ஆரம்பித்தாள்.